கொங்குச் சமவெளியிலிருந்து முதல் பனிச்சிகரம் வரை: மலையேற்றம் பழகுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி ஆகிய ஊர்களில் வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டே, இமயமலையில் ஒரு பனிச்சிகரமாவது ஏறிவிட வேண்டும் என்று எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். நான் மலையேற்றத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். விடுப்பு கிடைக்கும்போது போய், தவறு செய்து, மறுமுறை திருத்திக்கொண்டு கற்றவன். பின்னர் புதியவர்கள் சிலரை உடன் அழைத்துச் செல்லத் தொடங்கியபோது, அவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுமாறுவதைக் கண்டேன். உடல் வலுவில் யாருக்கும் குறை இருக்கவில்லை, வரிசை தவறியிருந்தது.

செங்குத்து, சுமை, காடு, குளிர், உயரம், பனி என்று மலை நமக்கு ஆறு விதமான சிரமங்களைத் தருகிறது. ஒரு பயணத்தில் இவற்றுள் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டுமே புதிதாகச் சந்திக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை. நடையின் நான்காம் நாள் தலை வலித்தால், அது உயரத்தால் வந்ததா, தண்ணீர் குடிக்காததால் வந்ததா, பைப்பட்டை கழுத்தை இறுக்கியதால் வந்ததா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மற்றவை பழகியிருந்தால் புதியதை அடையாளம் காணலாம். ஆறும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் எதையும் அடையாளம் காண முடியாது.

1. முதலில் நாள்காட்டி, பிறகு மருத்துவர்

முழு வரிசைக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒதுக்குங்கள். ஜூன் மாதத்தில் தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் காடு நனைந்திருக்கும் மாதங்களைப் படிக்கட்டுப் பயிற்சிக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் டிசம்பர் கடைசியையும் ஜனவரியையும் காட்டுப்பாதைக்கும், பிப்ரவரி, மார்ச் மாதங்களை வெள்ளியங்கிரிக்கும் வைத்துக்கொண்டால், அடுத்த மே மாதத்திலோ செப்டம்பரிலோ இமயத்தில் முதல் நடை போகலாம். பனிப் பயிற்சியும் சிகரமும் அதற்கடுத்த ஆண்டுக்கு உரியவை.

மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்; நாற்பதை நெருங்கியவர்கள் இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். இவற்றில் பலரும் தவிர்ப்பது ஹீமோகுளோபின் சோதனைதான். இரத்தச் சோகை சமவெளியில் வெறும் அசதியாகத் தெரியும். ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் அதுவே நடையை நிறுத்திவிடும். சோதனையைத் தொடக்கத்திலேயே செய்தால் சரிசெய்துகொள்ள மாதங்கள் இருக்கும்.

2. படிக்கட்டு: ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள்

நம் பகுதியில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. சென்னிமலையில் 1,320 படிகள் உள்ளன. மருதமலை, திருச்செங்கோடு, பழநி ஆகியவற்றில் வீட்டுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வாரம் இருமுறை, இடையில் இரண்டு நாளாவது ஓய்வு கொடுத்து, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

முதல் நான்கு வாரம் வெறும் கையுடன் ஏறி இறங்குங்கள். உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மலையில் ஆறு, எட்டு மணி நேரம் நடக்க வேண்டியிருப்பதால், பத்து நிமிடத்தில் மேலே போய்ச் சேரும் வேகம் எதற்கும் பயன்படாது.

ஐந்தாவது வாரத்திலிருந்து பையில் 5 கிலோ சுமை சேர்த்து, பன்னிரண்டாவது வாரத்தில் 10 முதல் 12 கிலோ வரை கொண்டுவாருங்கள். சுமைக்குத் தண்ணீர்ப் புட்டிகளே ஏற்றவை. தொடக்க வாரங்களில் மேலே போனதும் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு இலேசாக இறங்கலாம். முழங்கால் பழகிய பின், கடைசி நான்கு வாரம், அதே சுமையோடு இறங்க வேண்டும்.

மருதமலையில் பலரும் செய்யும் பிழை, படியேறிவிட்டுப் பேருந்தில் இறங்குவது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. ஏறுவதால் இந்த வேலைக்குத் தசை பழகாது, இறங்கினால்தான் பழகும். முதன்முறை நீண்ட தூரம் இறங்கியவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையில் கடும் வலி இருக்கும். ஊரில் அது இரண்டு நாள் தொல்லை. இமயத்தில், நடையின் இரண்டாம் நாள் அந்த வலி வந்தால், மூன்றாம் நாள் பாறையில் கால் வைக்கும் இடம் தவறும்.

3. காலணி

காலணியைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே வாங்கிவிட வேண்டும். மாலை நேரத்தில், மலையில் அணியப்போகும் அதே தடித்த காலுறையோடு போய் அளவு பாருங்கள். பகல் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையில் உங்கள் பாதம் இருக்கப்போகும் நிலையும் அதுதான். கடையில் சாய்தளமோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்முனையில் முட்டினால் அரை அளவு பெரியது வேண்டும்.

புதுக் காலணியோடு நேராகப் பயணம் போவதுபோன்ற தவறு வேறில்லை. என் முதல் இமய நடையில் நான் அதைத்தான் செய்தேன். இரண்டாம் நாள் மாலை இரு குதிகால்களிலும் தோல் உரிந்திருந்தது. மீதி நான்கு நாளும் மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தேன். இப்போது உடன் வருபவர்களிடம் 50 கிலோமீட்டராவது அதே காலணியில் நடந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

தோல் சூடாகி எரியத் தொடங்கும்போதே நின்று, காலுறையைக் கழற்றி, துணிப்பட்டை ஒட்ட வேண்டும். கூட்டத்தை நிறுத்தக் கூச்சப்பட்டுக் கொப்புளம் வரும்வரை நடப்பவர்களே அதிகம். கால் நகங்களைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் அடிபட்டுக் கறுத்துவிடும்.

4. அனுமதியுள்ள காட்டுப்பாதை

அடுத்தது காடு. இங்கே சுமையும் ஏற்றமும் குறைவாக இருக்கட்டும். காட்டில் நடந்துகொள்ளும் முறையே பாடம். தமிழ்நாட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில், மாநிலம் முழுவதும் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்யும் வசதி வந்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் டாப்ஸ்லிப் பகுதியும் ஆழியாறு பகுதியும் அவற்றில் அடங்கும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அவருடைய கண்ணும் காதும் எப்படி வேலை செய்கின்றன என்று கவனித்துக்கொண்டே நடப்பதுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் பெறும் கல்வி.

அனுமதியைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில், சென்னையிலிருந்து சென்றவர்களோடு நம் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும்போது, குறுக்குவழி காட்டுவதாகச் சொல்பவர்களை நம்பிப் போகாதீர்கள்.

தீயைப் பற்றி ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது, அது மேல்நோக்கி விரைவாக ஓடும் என்பது. எரியும் புல்லின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவில் ஏறி ஓடுபவரைத் தீ எட்டிப் பிடித்துவிடும். புகை தெரிந்தவுடனே, தீ இன்னும் தொலைவில் இருக்கும்போதே, உயர்ந்த காய்ந்த புல்வெளியை விட்டு வெறும் பாறைக்கோ, ஓடைப்படுகைக்கோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய இடத்துக்கோ சென்றுவிட வேண்டும்.

யானை இருக்கும் காட்டில் பேசாமல், ஆனால் வரிசை விலகாமல் நடக்க வேண்டும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். புதிய சாணத்தையோ, அப்போதுதான் ஒடிக்கப்பட்ட மூங்கிலையோ கண்டால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள்; படம் எடுக்க முன்னே போகாதீர்கள். மழை பெய்த காட்டில் அட்டை ஏறும். அதற்குக் காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதே போதுமானது. அட்டையைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

5. வெள்ளியங்கிரி: முதல் முழுத் தேர்வு

கோவையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பூண்டியில் ஏற்றம் தொடங்குகிறது. பிப்ரவரி தொடங்கி மே வரை ஏற அனுமதிப்பது வழக்கம். நம்மவர்க்கு இது வழிபாட்டு மலை. நானும் ஈசனை வணங்கித்தான் ஏறுகிறேன். அதே சமயத்தில், ஒரே இரவில் ஏழு மலை ஏறி, மறுநாள் காலையில் அந்த ஏழையும் இறங்கவைக்கும் இந்தப் பாதை, உடலைச் சோதிக்க நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடமும் ஆகும்.

வெயிலைத் தவிர்க்க இரவில் ஏறுவது வழக்கம். வெள்ளை விநாயகர் கோயில் உள்ள முதல் மலையின் கற்படிகள்தாம் பெரும்பாலோரைச் சோர்வடையச் செய்கின்றன. அடிவாரத்து உற்சாகத்தில், கூட்டத்தின் முழக்கத்தோடு வேகமாக ஏறிவிட்டு, வியர்வையில் நனைந்து, பாம்பாட்டி சுனையை எட்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். முதல் மலையை உங்களால் முடிந்ததில் பாதி வேகத்தில் ஏறுங்கள். கைதட்டி சுனையில் கையில் உள்ள புட்டியை நிரப்பி, ஏதாவது தின்றுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராமல் எழுந்துவிடுங்கள்; உடல் ஆறிவிட்டால் தசை இறுகும்.

நான்கு, ஐந்தாம் மலைகளில் பாதை ஓரளவு சமனாகிறது. இங்கே காற்று வீசும். வியர்த்த சட்டையோடு இந்தக் காற்றில் நடப்பதுதான் உடல் நடுங்கக் காரணம். மூன்றாம் மலை முடிந்ததும் ஒதுங்கி நின்று உலர்ந்த சட்டைக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஆறாம் மலையின் ஆண்டி சுனையில் குளிப்பது பலருடைய வேண்டுதல். குளிப்பவர்கள் துடைக்கத் துண்டும் மாற்றுடையும் தலைக்குக் குல்லாவும் கொண்டுபோக வேண்டும். ஏழாவது மலை செங்குத்து. அங்கே முன்னால் செல்பவரின் காலுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று விலகி ஏறுங்கள், கல் உருளும்.

மூங்கில் தடியை அடிவாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். “தடி வேண்டாம்னு போறவங்கதானுங்க எறங்கறப்ப கேட்டுட்டு வர்றாங்க” என்று தடி விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார். ஒவ்வோராண்டும் அது மெய்யாவதைப் பார்க்கிறேன். இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்து, பிறகு காலை வைக்க வேண்டும்.

வனத்துறையினர் அடிவாரத்தில் பைகளைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துத் துணிப்பையிலும் எவர்சில்வர் புட்டியிலும் உணவும் நீரும் எடுத்துச் செல்லுங்கள். இதய நோய், மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்ற அறிவிப்பைப் புறக்கணிக்காதீர்கள். இந்த மலையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் உயிரிழந்தவர்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கோடை மழை வரும் என்பதால், முற்பகலுக்குள் மேல்மலைகளை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அடிவாரம் வந்து சேர்ந்த மறுநாள் படி இறங்கக் கால் மறுக்கவில்லை என்றால், நீங்கள் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். கால் மறுத்தால் மீண்டும் இரண்டாம் பகுதிக்குச் சென்று ஆறு வாரம் படி இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. உடுப்பு: பருத்தியை ஊரிலேயே வையுங்கள்

திருப்பூரைச் சுற்றி வாழும் நமக்குப் பருத்திப் பனியன் உடம்போடு ஒட்டியது. நம் வெயிலுக்கு அதைவிடச் சிறந்த உடை இல்லை. குளிர்மலைக்கு மட்டும் அது ஆகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரம் காயும்போது உடலின் சூட்டை எடுத்துக்கொண்டே காயும். பாலியெஸ்டரோ கம்பளியோ ஈரத்தை வெளித்தள்ளி விரைவில் உலர்ந்துவிடும். விளையாட்டு உடைக்கான பாலியெஸ்டர் பின்னலாடைகளும் அதே திருப்பூரில் தைக்கப்படுபவைதாம். அங்கே உள்ள மலிவுக் கடைகளில் தேடினால் அடியுடுப்புக்குப் பெருஞ்செலவு ஆகாது.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,800 மீட்டரில் உள்ள ஒரு சிகரத்தில், உயரம் ஒன்றால் மட்டுமே ஏறத்தாழ 22 டிகிரி குறைந்துவிடும். வடக்கின் குளிர்காலமும் காற்றும் அதற்கு மேல். ஆகவே மூன்று அடுக்கு வேண்டும்: வியர்வையை வெளியேற்றும் அடியுடுப்பு, சூட்டைத் தேக்கும் ஃபிளீஸ் (மென்மையான தடித்த செயற்கைத் துணி) அல்லது இறகுச் சட்டை, காற்றையும் பனியையும் தடுக்கும் மேலுறை.

மூன்றையும் அணிந்துகொண்டே ஏறத் தொடங்குவது புதியவர்களின் வழக்கம். பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும், பிறகு அந்த வியர்வையே குளிரூட்டும். புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருந்தால்தான் உடுப்பு சரி. நின்றவுடன் மேலடுக்கைப் போடுங்கள், நடக்கும்போது கழற்றுங்கள். சோம்பல் படாமல் இதை நாளுக்குப் பத்துமுறையேனும் செய்ய வேண்டியிருக்கும்.

7. பையும் உணவும்

கனமான பொருள்கள் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வர வேண்டும். தூக்கப்பை (உள்ளே நுழைந்து உறங்கும் பை) அடியில், மழையுறை மேலே. கனம் முதுகைவிட்டு விலகினால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் குனிந்து நடக்க, இடுப்பு வலிக்கும். இடுப்புப்பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள்பட்டையைச் சரிசெய்யுங்கள்; எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பைகளில் போட்டுக் கட்டுங்கள்.

வழித்தீனிக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிடித்த கம்புமாவு உருண்டை ஆகியவை எனக்கு எப்போதும் கைகொடுத்தவை. உயரத்தில் பசி மங்கிவிடும். பழக்கமில்லாத உணவை நாக்கு மறுக்கும் நேரத்திலும் நம் வீட்டுச் சுவை உள்ளே இறங்கும். கடுங்குளிரில் கல்லாகும் தின்பண்டங்களைத் தவிருங்கள்.

8. முதல் இமய நடை

உத்தராகண்டின் கேதார்காந்தாவை நான் பரிந்துரைப்பேன். உச்சி சுமார் 3,800 மீட்டர், பாதை தெளிவானது, டேராடூனிலிருந்து ஒரு நாள் சாலைப்பயணத்தில் உள்ள சாங்க்ரி கிராமத்திலிருந்து தொடங்குகிறது. கோவையிலிருந்து கொங்கு விரைவு இரயிலில் டெல்லி நிஜாமுதீன் போய், அங்கிருந்து டேராடூன் செல்லலாம். திரும்பும் பயணச்சீட்டை நடை முடியும் மறுநாளுக்கே எடுத்துவிடாதீர்கள். மண்சரிவால் சாலை அடைபடுவது அங்கே இயல்பு. கையில் ஒன்றிரண்டு நாள் இல்லாதவர்கள், உடல் சரியில்லாதபோதும் நடந்தே தீர வேண்டிய நெருக்கடியில் விழுகிறார்கள். எரிவாயு உருளையை இரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக அனுமதி இல்லை; அதை அங்கேயே வாங்க வேண்டும்.

இந்த நடையில் புதியது குளிரும் உயரமும். பனி மிகுந்த டிசம்பர், ஜனவரியில் முதன்முறை போகவேண்டாம் என்பது என் கருத்து, படங்களில் அந்த மாதங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும். ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தையும் தவிருங்கள்.

9. உயரத்தைப் புரிந்துகொள்ளுதல்

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான். உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. சுமார் 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள்கணக்கில்.

2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் உயரே போய்வந்து தாழ்வான இடத்தில் தூங்குவது நல்லது. சிறிய நடைகளிலும் இந்தக் கணக்கைவிட வேகமாகவே கூட்டங்கள் ஏறுகின்றன. எளிய பாதை என்று பெயர் பெற்றவற்றிலும் பலருக்குத் தலைவலி வருவது இதனால்தான். நம்மவர்கள் செய்யும் பெரும்பிழை இன்னொன்று: கோவையிலிருந்து விமானத்தில் புறப்பட்டு ஒரே நாளில் 3,500 மீட்டரில் உள்ள லே நகரில் இறங்கி, மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்க்கு வண்டியில் போவது. லேயில் முதல் இரண்டு நாளும் படுத்தும் உட்கார்ந்தும் கழிக்க வேண்டும்.

தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர நோய் என்றே கருதுங்கள். அன்று மேலே போகக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டும். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவதும் பேச்சுக் குழறுவதும் மூளை வீக்கத்தைக் காட்டும். இவ்விரண்டில் எது தெரிந்தாலும், இரவானாலும், உடனே இறக்க வேண்டும். மாத்திரையோ ஆக்சிஜன் உருளையோ இறக்குவதற்கு மாற்று ஆகாது. இறக்கும்வரை தாங்க உதவுபவை அவை.

அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் அறவே கூடாது, இரண்டும் உறக்கத்தில் மூச்சைத் தாழ்த்தும்.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர் தலைவலியை இரண்டு நாள் மறைத்தார். தன்னால் மற்றவர்கள் திரும்ப நேருமோ என்ற அச்சம்தான் காரணம். மூன்றாம் நாள் அதிகாலையில் அவரால் காலணியின் கயிற்றைக் கட்ட முடியவில்லை. உடனே அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். 700 மீட்டர் இறங்கியதும் தெளிந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேட்கிறேன்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, சிறுநீரின் நிறம் என்ன. எல்லாரும் எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்லும்போது, மறைப்பவரும் வாய் திறந்துவிடுகிறார்.

10. பனியில் நடக்க முறையான பயிற்சி

இதுவரை சொன்னவற்றை அனுபவமுள்ள நண்பர்களோடு கற்கலாம். பனிக்கோடரி, கிராம்பான் (காலணியின் அடியில் மாட்டும் உலோக முட்சட்டம்), கயிறு ஆகியவற்றை அப்படிக் கற்கக் கூடாது. தவறைத் திருத்திக்கொள்ள மலை இரண்டாம் வாய்ப்புத் தராத இடம் இது. 1954-இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், 1965-இல் உத்தரகாசியில் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஆகியவை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி தருகின்றன. மணாலியிலும் இத்தகைய அரசு நிறுவனம் உள்ளது. இடங்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், விடுப்புக் கேட்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். வயது வரம்பும் மருத்துவச் சான்றும் உண்டு.

இரண்டாண்டு ஆயத்தத்தின் பயன் இங்கே தெரியும். சுமையோடு நடக்க ஏற்கெனவே பழகியவர்கள் முதல் வாரத்திலிருந்தே முடிச்சையும் உத்தியையும் கவனிக்கிறார்கள். பழகாதவர்கள் முதல் இரண்டு வாரத்தைத் தோள்வலியில் கழிக்கிறார்கள். உயர்நிலைப் பயிற்சிக்குப் போக அடிப்படைப் பயிற்சியில் ‘ஏ’ தரம் தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போகுமுன் எட்டு முடிச்சு, குளோவ் ஹிட்ச், புருசிக் ஆகிய மூன்று கயிற்று முடிச்சுகளையும் வீட்டிலேயே கையுறை அணிந்தபடி, விளக்கை அணைத்துவிட்டு, கண் பார்க்காமல் போடப் பழகுங்கள். பனியில் அவற்றைப் போட வேண்டிய நேரம் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டாகத்தான் இருக்கும். தோட்டத்தில் கயிறு பிடித்துப் பழகிய கைகள் இதை விரைவில் கற்றுவிடுகின்றன.

அங்கே கற்பவற்றில் சறுக்கலை நிறுத்தும் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுங்கள். சறுக்கத் தொடங்கிய முதல் நொடிகளிலேயே கோடரியின் அலகைத் தோளருகே பனியில் பதித்து, மார்பின் எடையை அதன்மேல் போட வேண்டும். வேகம் கூடிவிட்டால் நிறுத்துவது மிகக் கடினம். காலில் கிராம்பான் இருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும், முள் பனியில் மாட்டினால் உடலைப் புரட்டிவிடும். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து, தலைகீழாக என்று எல்லா நிலையிலும், கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

கிராம்பானோடு நடக்கும்போது கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும். சமவெளி நடையில் நடப்பவர் ஒரு காலின் முள்ளை மறுகாலின் உடையில் மாட்டிக்கொண்டு விழுவார்.

11. முதல் சிகரம்

மணாலிக்கு அருகே உள்ள 5,289 மீட்டர் உயர ‘ஃபிரெண்ட்ஷிப்’ சிகரம் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதில் புதியது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்: பனி மூடிய நீண்ட சரிவில், கயிற்றில், இரவில் தொடங்கி நடப்பது. பிற எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும்.

புறப்பாடு நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையே இருக்கும். இரவுக் குளிரில் பனி இறுகியிருப்பதால் கால் புதையாது, பனி சரிந்து விழும் அபாயமும் குறைவு. வெயில் ஏறியதும் பனி இளகும். பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் வலுவிழக்கும். ஆகவே முந்தைய மாலையே திரும்பும் நேரத்தைக் குழுவாக முடிவு செய்து ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்ப வேண்டும். களைத்த மூளை உயரத்தில் சரியாக முடிவெடுக்காது என்பதால்தான் முடிவை முந்தைய நாளுக்கு மாற்றுகிறோம்.

நான் முதன்முறை உச்சிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் கீழே திரும்பினேன். புதுப்பனி முழங்கால்வரை இருந்ததால் நேரம் கடந்துவிட்டது. அழுகை வந்தது உண்மை. இறங்கும் வழியில் காலையில் திடமாக இருந்த சரிவு தொடைவரை இளகியிருந்ததைப் பார்த்தபின், அந்த நேரக் குறிப்பை இன்றுவரை நான் மீறியதில்லை. அடுத்த ஆண்டு அதே சிகரத்தில் ஏறினேன்.

தலைவிளக்கின் மின்கலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்தே உறைவதால் வாய்ப்பகுதி அடைபடாது. கறுப்புக் கண்ணாடியை விடியுமுன்பே கழுத்தில் தொங்கவிடுங்கள், பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி சில மணி நேரத்தில் கண்ணைப் பழுதாக்கிவிடும். வெயில்தடுப்புப் பூச்சை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் பூச மறக்காதீர்கள். விரல் நுனி வெளுத்து உணர்ச்சி இழந்தால் தேய்க்காமல், அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

உச்சியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இறங்கத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஏதாவது தின்று, தண்ணீர் குடித்து, கிராம்பான் பட்டைகளை மீண்டும் இறுக்கி, ஹார்னஸின் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை) கொக்கியை ஒருவர் மற்றொருவருக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். குழுவில் அனுபவம் மிக்கவர் ஏறும்போது முன்னால் இருந்தாலும், இறங்கும்போது கயிற்றின் மேல்முனையில், கடைசியாக வர வேண்டும். சறுக்குபவரை மேலிருந்துதான் தாங்க முடியும்.

12. ஊர் திரும்பிய வாரத்தில்

கயிற்றை நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானை நலிவடையச் செய்யும். கையால் முழு நீளத்தையும் தடவி, தட்டையான அல்லது மென்மையான இடம் இருந்தால் அந்தக் கயிற்றை ஏற்றத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கிராம்பானையும் கோடரியையும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். இறகுச் சட்டையையும் தூக்கப்பையையும் அமுக்கிக் கட்டாமல் தளர்வான துணிப்பையில் தொங்கவிடுங்கள்.

பிறகு ஒரு நோட்டில், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்கினீர்கள், எப்போது தலைவலி வந்தது, எந்தப் பொருளை ஒருமுறையும் எடுக்கவில்லை, எது இல்லாமல் தவித்தீர்கள் என்று மறப்பதற்கு முன் எழுதிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கான பொருள்பட்டியலை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் வெறும் கையுடன் படிக்கட்டுக்குப் போகலாம்.